ஒரே ஓட்டுக்குள் இரண்டு மஞ்சள் கரு

கேள்வி: வீட்டுக் கொல்லையில் 30 வெள்ளை லெகார்ன் கலப்பினக் கோழிகள் உள்ளன. முட்டையிடத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. அவ்வப்போது பெரிய முட்டை ஒன்று வருகிறது. உடைத்தால் இரண்டு மஞ்சள் கரு. இது நோயா?
– வாசகர், ராசிபுரம்

பதில்: நோயில்லை. கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்கிறது. அதில் மஞ்சள் கருக்கள் சிறிதும் பெரிதுமாக வரிசையாக வளரும். முதிர்ந்தது உதிர்ந்து முட்டைக்குழாயில் இறங்கும். வெள்ளைக்கரு சேர 3 மணி நேரம், சவ்வு படிய 1 மணிக்குச் சற்று மேல், ஓடு படிய சுமார் 20 மணி நேரம். ஆகமொத்தம் 24 முதல் 26 மணி நேரம். முட்டையிட்ட அரை மணி நேரத்தில்தான் அடுத்த கரு உதிர வேண்டும்.

புதிதாக முட்டையிடும் இளங்கோழியின் ஹார்மோன் சுரப்பு இந்த ஒழுங்குக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சில நாள் இரண்டு கருக்கள் சேர்ந்தே முதிர்ந்து, அடுத்தடுத்து உதிர்ந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஒரே வெள்ளைக்கருவும் ஒரே ஓடும் மூடிவிடும். ஓரிரு மாதத்தில் இது தானாகக் குறையும். உடல் கனத்த பிராய்லர் தாய்க்கோழிகளில் அதிகம் காணலாம். சில கோழிகளுக்குப் பரம்பரையாகவும் வரும்.

குறையாவிட்டால் முதலில் விளக்கைக் கவனியுங்கள். உடல் எடை சுமார் 1.2 கிலோவை எட்டும் முன்பே இரவில் விளக்கு போட்டால் சூலகம் அவசரமாகத் தூண்டப்படும். நம் ஊரில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 12 மணி நேரம் கிடைக்கிறது. எடை வந்த பிறகு வாரத்துக்கு அரை மணி நேரம் வீதம் கூட்டி 16 மணி நேரத்தில் நிறுத்துங்கள். ஒரே நாளில் 4 மணி நேரம் கூட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. தீவனம் ஒரு கோழிக்கு நாளுக்கு 100–110 கிராம் போதும். கொழுத்த கோழிக்குத்தான் தொல்லை அதிகம்.

பெரிய முட்டையை முக்கி இடும்போது குடல் போன்ற சிவந்த சதை பின்வாயில் பிதுங்கக்கூடும். அது வெளியே தெரிந்தால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். உடனே தனியே பிரித்து, சுத்தமான நீரால் கழுவி, இருட்டான கூண்டில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அடை வைத்தால் இரட்டைக் குஞ்சு பொரிக்குமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: பொரிப்பது மிக மிக அபூர்வம். இரண்டு கருவும் வளரத் தொடங்கினாலும் ஓட்டுக்குள் இடமும் காற்றும் போதாது. திரும்பி ஓட்டைக் கொத்த வழியின்றிப் பெரும்பாலும் உள்ளேயே இறந்துவிடும். இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு நிழல் தெரியும். அதை அடையில் வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கர்ப்பிணிகள் சாப்பிட்டால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்கிறார்களே?
– வாசகி, கரூர்

பதில்: ஒட்டு வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்வது போன்ற நம்பிக்கைதான், துளியும் உண்மையில்லை. எல்லா முட்டையையும் போல நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். மஞ்சள் கரு இரண்டு என்பதால் கொழுப்பும் கூடுதல்; மருத்துவர் முட்டைக்கு அளவு சொல்லியிருந்தால் இதை இரண்டாகக் கணக்கிடுங்கள்.