காயத்தைக் கிளறாமல் கதை கேட்பது எப்படி?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஒரு தமிழ்க் கிராமத்தையும் ஒரு முஸ்லிம் கிராமத்தையும் சேர்ந்த 14 பேர் நாங்கள். எல்லோருக்கும் 18 முதல் 23 வயது. இரண்டு ஊர் மூத்தவர்களிடமும் பழைய கதைகளைக் கேட்டு, சமாதானத்துக்காக ஒரு நாடகமும் ஒரு சுவரோவியமும் செய்ய ஆசை. "பழசைக் கிளறினால் பகைதான் வரும்" என்று வீட்டில் தடுக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1990இல் போருக்கு நடுவே முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடி, ஏறாவூரிலும் தமிழர் வாழும் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகள் என்று இரண்டு பக்கமும் விழுந்த அடியை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அந்தப் பழைய அச்சம் திரும்பி வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் கேட்காமல் விட்டால் மட்டும் அந்தக் கதைகள் மறைந்துபோகுமா? ஒவ்வொரு வீட்டிலும் தன் பக்கத்துப் பாதி மட்டுமே பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். அதனால் செய்யுங்கள் என்றே சொல்வேன். எதை முதலில் கேட்பது என்ற வரிசையில்தான் கவனம் வேண்டும். சண்டையை நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் காது கொடுங்கள்.

கிழக்கில் எந்த மேடை ஏறினாலும் "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல இருந்தோம்" என்பார்கள். நல்ல வார்த்தைதான், ஆனால் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருக்கும் விவரத்தைத் தேடுங்கள். அறுவடைக்கு யார் யாருடைய வயலுக்கு வந்தார்கள், கலியாண வீட்டுக்குப் பாத்திரம் எங்கிருந்து போனது, எந்தக் கிணற்றில் இரண்டு ஊரும் தண்ணீர் அள்ளின என்று கேளுங்கள். வீட்டில் இருக்கும் ஒரு பழைய பொருளைக் கையில் எடுக்கச் சொன்னால் பேச்சு தானாக வரும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் முழுக்க இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் மண்டபத்தின் இரண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் ஒரு முஸ்லிம் தம்பி இரண்டு கம்பை எடுத்து, தன் மூத்தவாப்பா கற்றுக்கொடுத்த பொல்லடி என்ற கம்பாட்டத்தின் அடியைத் தட்டிக் காட்டினான். எதிர்ப்பக்கத்துத் தம்பி ஒருவன் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டான். அப்புறம் எழுந்து போய், தான் கோயிலில் ஆடிய வசந்தன் கூத்தின் கம்படியை அதன் மேல் போட்டுப் பார்த்தான். இரண்டு தடவை கம்பு விலகி விரலில் பட்டது. மூன்றாம் தடவை பொருந்தியது. அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் யாரும் சுவரோடு உட்காரவில்லை. உங்கள் நாடகத்துக்கான தாளம் இப்படி எங்காவது இரண்டு ஊருக்கும் பொதுவாகக் கிடக்கும். வசனம் எழுதுவதற்கு முன்பே அதைத் தேடிப் பிடியுங்கள்.

கதை கேட்கப் போகும்போது இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொருவராகச் சோடி சேர்ந்து போங்கள். அந்த வீட்டுக்குத் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். ஒலிப்பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். பிறகு மனம் மாறினால் அழித்துவிடுவோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். யாராவது அழுதால் பதிவை நிறுத்திவிட்டுப் பேசாமல் பக்கத்தில் இருங்கள். "பிறகு என்ன நடந்தது?" என்று அந்த நேரத்தில் கேட்கவே கூடாது. பேசிய பிறகு ஒருவர் நிம்மதியில்லாமல் தவித்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை வீட்டாருக்குக் கொடுங்கள்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்து நான் ஒருமுறை பெரிய தவறு செய்தேன். பெயரையும் ஊரையும் மாற்றினோம், ஆனால் அந்த மனிதரின் சைக்கிளில் கட்டியிருந்த மணியை அப்படியே மேடையில் வைத்தோம். முன்வரிசையிலேயே அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவருடைய மகள் எழுந்து வெளியே போனதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கதையும் மேடைக்குப் போவதற்கு முன் சொன்னவரிடமே திரும்பிப் போகிறது. அவர் வீட்டு முற்றத்தில், அவருக்கு மட்டும் நடித்துக் காட்டுகிறோம். ஒரு வயதான உம்மா முழுவதையும் பார்த்துவிட்டு, "அவர் ஓடல்ல புள்ள, நடந்துதான் போனார்" என்றார். நாங்கள் பதற்றத்துக்காக ஓடவிட்டிருந்தோம். அந்த மனிதர் நடந்ததும் காட்சி முழுக்க மாறிவிட்டது. இந்த ஒரு வேலையைச் செய்ய நேரமில்லை என்றால் நாடகமே போடாதீர்கள்.

நாடகத்தின் முடிவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லோரும் கைகோத்து ஒற்றுமைப் பாட்டுப் பாடி முடிக்கும் நாடகத்தை மக்கள் கைதட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் உருவாக்கிய விவாத அரங்கு முறையைப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடக் காட்சி, பிரச்சினை தீராமலே முடியும். திரும்ப நடிக்கும்போது பார்வையாளர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி மேடைக்கு வந்து, ஒரு பாத்திரத்தின் இடத்தில் நின்று தான் என்ன செய்திருப்பேன் என்று நடித்துக் காட்டலாம். ஒரு வதந்தி ஊருக்குள் வரும் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். கடையை மூடச் சொல்லும் கூட்டத்தின் முன் கடைக்காரரின் சிநேகிதன் என்ன செய்வான்? இதை 1990இல் வைக்காமல் இன்றைய நாளில் வையுங்கள், அப்போது யாரும் தன் பக்கத்தைக் காப்பாற்ற வாதாடத் தேவையிருக்காது.

இது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. போர் நடந்துகொண்டிருந்த 1996இலேயே மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற சிறுவர் சமாதான அமைப்பு தொடங்கி, தமிழ், முஸ்லிம் சிறுவர்களைக் களிமண்ணோடும் வண்ணத்தோடும் கற்பனைக் கதைகளோடும் ஒன்றாக இருக்க வைத்தது. நாடக இயக்குநர் பராக்கிரம நிரியெல்லவின் மக்கள் களரி என்ற அரங்கக் குழு, தமிழ், சிங்கள இளைஞர்களை ஒரே குழுவாக்கி இரண்டு மொழியிலும் நாடகம் போட வைத்தது.

சுவரோவியத்துக்குப் பள்ளிவாசல் சுவரும் வேண்டாம், கோயில் சுவரும் வேண்டாம். நூலகம், விளையாட்டு மைதானம் போன்ற பொது இடமாகப் பார்த்து, பிரதேச சபையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

முகநூலில் துண்டுக் காணொளி போடவே வேண்டாம். 2018 மார்ச்சில் கண்டி, திகன பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை பரவியபோது சமூக ஊடகங்களையே சில நாட்கள் முடக்க வேண்டியிருந்தது. வில்லன் வேடம் போட்ட தம்பியின் முப்பது விநாடி வசனம் தனியாகச் சுற்றினால் அதை உங்களால் திருப்பிப் பிடிக்க முடியாது.

கடைசியாக, காட்சி முடிந்ததும் கதிரைகளை உடனே அடுக்கிவிடாதீர்கள். யாரிடமும் சொல்லாத கதையோடு ஒருவர் தயங்கி நிற்பது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான். இரண்டு பேரை அதற்கென்றே ஒதுக்கி, தேத்தண்ணியும் ஆயத்தமாக வைத்திருங்கள்.