ஜெஃபர்சன் வீட்டுக் கடிதங்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: அமெரிக்காவின் மூன்றாவது அதிபரும், வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ பண்ணை வைத்திருந்தவருமான தாமஸ் ஜெஃபர்சன் குடும்பத்தின் கடிதங்களை இணையத்தில் படிக்கிறேன். உறவுமுறை தலைசுற்றுகிறது. அந்தக் காலத்துக் கடிதங்கள் சிலவற்றில் எழுத்து குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. நூற்றுக்கும் மேல் அடிமைகள் இருந்த இடத்தில் அவர்களைப் பற்றிப் பேச்சே காணோமே, ஏன்?

பதில்: முதலில் கடிதத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். உறை கிடையாது, தாளையே மடித்து அரக்கு வைத்து வெளியே முகவரி எழுதினார்கள், ஏனென்றால் உறை போட்டால் அதையும் ஒரு தாளாகக் கணக்கிட்டுக் காசு கேட்பார்கள். 1816-இல் வந்த கட்டணப்படி 400 மைலுக்கு மேல் போனால் தாள் ஒன்றுக்கு 25 சென்ட், இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு, அதையும் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். அதனால்தான் எழுதி முடித்த பக்கத்தையே திருப்பிப் பிடித்து அதன் மேலேயே குறுக்காக எழுதினார்கள். படத்தை 90 டிகிரி சுழற்றி, ஒரே திசையில் ஓடும் வரிகளை மட்டும் கண்ணால் பிடியுங்கள், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

உறவுமுறைக்கு வருவோம். 'பிரதர்' என்றிருந்தால் மைத்துனராகவும் இருக்கலாம். ஜெஃபர்சனின் இளைய மகள் மரியா 1797-இல் மணந்தது சித்தி மகனை, நம் கணக்கில் அண்ணன் தங்கை முறை, அங்கே தடையில்லை. நம் முறையை வைத்துக்கொண்டு படித்தால் குழப்பம்தான். ஒரு வம்சவரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிமைகள் இல்லாமல் இல்லை, 'சர்வன்ட்', 'மை பீப்பிள்' என்ற சொற்களுக்குள் இருக்கிறார்கள், சில சமயம் 'ஃபேமிலி' என்பதற்குள்ளும். யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ ஏதாவது தொலைந்தாலோதான் பெரும்பாலும் பெயர் வெளியே வரும். பேத்தி எலன் 1825-இல் கல்யாணமாகி பாஸ்டன் போனார். அவருக்காக ஜான் ஹெமிங்ஸ் என்ற அடிமைத் தச்சர் பார்த்துப் பார்த்துச் செய்த எழுதுமேசை கப்பலோடு கடலில் போனது. நவம்பர் 14 அன்று ஜெஃபர்சன் எலனுக்கு எழுதிய கடிதத்தில், ஜான் இடிந்துபோயிருக்கிறார், தன் காவியம் தீயில் போயிருந்தால்கூட ரோமானியக் கவிஞர் வர்ஜில் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டார் என்கிறார். அதே கையோடு, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தன் சிறு மேசையை எலன் கணவருக்குத் தருவதாகவும் சொல்கிறார். செய்தவரின் துக்கத்துக்கு ஓர் உவமை, அவ்வளவுதான்! ஆனாலும் அந்தக் கடிதங்களில் ஓர் அடிமையின் மனசு இத்தனை அருகில் தெரிவது அபூர்வம்.

அப்புறம், தேடும்போது 'ஸ்லேவ்' என்று மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்கேட்டில் ஆள் ஆளாகப் பெயர் இருக்கிறது, அதை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அவருடைய இன்னொரு பண்ணையான பாப்ளர் ஃபாரஸ்டிலிருந்த ஹன்னா என்ற அடிமைப் பெண் 1818-இல் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதம் அப்படிக் கிடைக்கும். வீடும் சாமான்களும் பத்திரமாக இருக்கின்றன என்று ஆரம்பிக்கும்.