ஆசிரியர் கூட்டத்தில் அறிமுகமாகும் டிஜிட்டல் கருவிகளைப் பிறகு யாரும் தொடுவதில்லை. எப்படிப் பகிர்ந்தால் வகுப்பறை வரை போகும்?

கேள்வியில் நீங்கள் சொன்ன நிலைமை இதுதான்: மாதம் ஒருமுறை 12 ஆசிரியர்கள் கூடுகிறீர்கள். ஆளுக்கு ஒரு செயலியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறார்கள். சுட்டிகள் வாட்ஸப் குழுவில் வந்து விழுகின்றன. அடுத்த மாதம் கேட்டால் ஒருவரும் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் 12 செயலிகள் என்றால் அப்படித்தான் ஆகும். ஒரு கூட்டத்துக்கு ஒரு கருவி போதும். அதையும் ஒரு குறிப்பிட்ட பாடப் பகுதியோடு சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். "பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, நன்றாக இருக்கிறது" என்றால் அது வெறும் தகவல். "தசம எண்களை ஒப்பிடும்போது பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள் என்பதை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்" என்றால் கணித ஆசிரியர் பேனாவை எடுப்பார். அதையே உதாரணமாக வைத்து முழுதாகச் சொல்கிறேன்.

பிளிக்கர்ஸுக்கு ஆசிரியரிடம் ஒரு கைப்பேசி இருந்தால் போதும், மாணவர்களிடம் எந்தக் கருவியும் வேண்டாம். அரசுப் பள்ளிக்கு இது பொருந்துவதற்குக் காரணமே அதுதான். ஒவ்வொரு மாணவர் கையிலும் கறுப்புக் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை இருக்கும். அட்டையின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். எந்த எழுத்து மேலே வருமாறு பிடிக்கிறாரோ அதுதான் அவர் பதில். கைப்பேசியின் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டினால் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். அட்டைக்கு அட்டை வடிவம் வேறு என்பதால் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துக் காப்பியடிப்பதும் கடினம்.

செய்முறை: பிளிக்கர்ஸ் தளத்தில் கணக்கு தொடங்கி, வகுப்பை உருவாக்கி, மாணவர்களைச் சேருங்கள். பெயருக்குப் பதில் வரிசை எண்ணையே கொடுக்கலாம். 40 அட்டைகள் கொண்ட சாதாரணத் தொகுப்பில் ஒரு ஏ4 தாளுக்கு இரண்டு அட்டை, ஆக 20 தாள். அச்சிட்டுப் பழைய நோட்டு அட்டையில் ஒட்டுங்கள். பளபளக்கும் லேமினேஷன் மட்டும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பிரதிபலித்தால் கேமராவுக்கு அட்டை தெரியாது. சில அட்டைகள் பதிவாகவில்லை என்றால், பிள்ளைகளின் விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்ததாலும் இருக்கலாம். வெள்ளை ஓரத்தைப் பிடிக்க ஒரு நாள் பழக்கிவிடுங்கள். முடிவு வரைபடத்தை எல்லாரும் பதில் சொல்லி முடிக்கும்வரை ஸ்மார்ட் போர்டில் காட்டாதீர்கள். பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் அட்டைகள் சத்தமில்லாமல் திரும்பும்.

இவ்வளவும் கருவி பற்றியது. கூட்டத்தில் நேரம் செலவழிக்க வேண்டியது கேள்வியின் மேல்.

"0.5, 0.35, 0.125 இவற்றில் எது பெரியது?" நல்ல கேள்விபோலத்தான் தெரிகிறது. புள்ளியை மறந்துவிட்டு 5, 35, 125 என்று படிக்கும் பிள்ளை 0.125 என்பார். அந்தத் தவறு மாட்டிக்கொள்ளும். ஆனால் இன்னொரு வகைத் தவறும் உண்டு. பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்று சரியாகப் படித்துவிட்டு, அதனால் இலக்கம் குறைவாக உள்ள எண்தான் எப்போதும் பெரியது என்று முடிவு கட்டியிருப்பார் ஒருவர். அவர் 0.5 என்று சரியான விடையைத் தேர்ந்தெடுப்பார், முழுக்க முழுக்கத் தவறான காரணத்தால். உங்கள் பட்டியலில் அவருக்குப் பச்சை நிறம்.

எண்களை 0.4, 0.45, 0.375 என்று மாற்றிப் பாருங்கள். முதல் வகைப் பிள்ளை 0.375 என்பார், இரண்டாம் வகை 0.4 என்பார், புரிந்தவர் மட்டுமே 0.45. நான்காவது விடையாக "தெரியவில்லை" என்று வையுங்கள், குருட்டாம்போக்கில் சொல்வது குறையும். இந்த ஒரு மாற்றத்தைச் சக ஆசிரியர் ஒருவர் சொல்லிக் கொடுத்துவிட்டால் அன்றைய கூட்டத்துக்குச் செலவான பஸ் காசு தேறிவிட்டது. செயலி நாளை கட்டணமாகலாம், மூடப்படலாம். கேள்வி நிற்கும்.

முடிவு வந்தபின் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே பகிர வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஸூர் 1991 முதல் கடைப்பிடித்த வழி எளியது: சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் ஆசிரியர் விளக்கப் போவதில்லை. வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு நிமிடம் வாதிடச் சொல்லிவிட்டு, மறுபடி அதே கேள்விக்குப் பதில் கேட்பார். 30க்குக் கீழே என்றால் திரும்ப நடத்த வேண்டியதுதான். 70ஐத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 10 நிமிடம் வந்திருக்கும் ஆசிரியர்களே மாணவர்களாக உட்கார்ந்து அட்டையைத் தூக்கட்டும், விளக்கம் எதுவும் வேண்டாம். அடுத்த 20 நிமிடம் ஒவ்வொருவரும் தன் கைப்பேசியில், தன் வகுப்பை உருவாக்க வேண்டும். கடவுச்சொல் மறந்தது, சேமிப்பிடம் இல்லாதது எல்லாம் இங்கேதான் வெளிவரும். இங்கே தீராவிட்டால் பள்ளிக்குப் போனபின் தீரவே தீராது. மீதி அரை மணியில் பாடவாரியாகச் சேர்ந்து ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி, ஒவ்வொரு தவறான விடைக்கும் "எதை நினைத்து ஒரு பிள்ளை இதைச் சொல்லும்?" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரியை எழுத முடியாத விடை, இடத்தை நிரப்ப வைத்தது. மாற்றிவிடச் சொல்லுங்கள்.

இனி கோப்புப் பகிர்வு. பாதி நல்ல வேலை வீணாவது இங்கேதான். பயிற்சித்தாளை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும், ஆவணமாக இணையுங்கள். கூகுள் ஸ்லைடில் செய்ததைத் திருத்தும் உரிமையோடு அனுப்பினால் யாராவது உங்கள் மூலத்திலேயே கை வைத்துவிடுவார். பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்து, முகவரியின் கடைசியில் ஆங்கிலத்தில் எடிட் என்று தொடங்கும் பகுதி முழுவதையும் அழித்து, அங்கே ஆங்கிலத்தில் காப்பி என்று தட்டி அனுப்புங்கள். திறப்பவரிடம் "நகல் எடுக்கவா?" என்று கேட்டு அவருக்கென்று தனிப் பிரதி உருவாகும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கேள்வித்தாள் இன்னொரு தலைவலி. அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருப்பார்கள். எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும், பிளிக்கர்ஸில் ஒட்டினாலும் அதே கதி. எல்லாக் கருவியிலும் ஒரேபோல் தெரியும் ஒருங்குறியை (யூனிகோடு) தமிழக அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனாலும் பழைய கோப்புகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவாருங்கள். தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். முழுக்கோப்பையும் போட்டால் இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் உளறலாக மாறிவிடும். மாற்றியபின் கொம்பு, கால் வரும் எழுத்துகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் அனைவரும் குழந்தைகள்தான். வரிசை எண் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இணையம் இழுக்காத பள்ளிகளுக்கு: விரல்களை நெஞ்சோடு ஒட்டி 1 முதல் 4 வரை காட்டச் சொல்லுங்கள். யார் என்ன சொன்னார் என்ற பதிவு கிடைக்காது, கொஞ்சம் காப்பியும் நடக்கும். ஆனால் கேள்வி நன்றாக இருந்தால் அடுத்து என்ன நடத்துவது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது புதுச் செயலி எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுதிப்போன கேள்வி, ஒவ்வொரு விடைக்கும் எத்தனை பேர், எந்த விடையை ஒருவருமே தேர்ந்தெடுக்கவில்லை, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் போதும். ஒருவரும் தேர்ந்தெடுக்காத விடையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.