பெட்ரூம் டாக்ஸ்: வீட்டை விடுமுன் அறைகளை எண்ணுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று படுக்கையறைக் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வீட்டில் நானும் கணவரும் 15, 12 வயது மகள்மார் இருவரும் இருக்கிறோம். யூனிவர்சல் கிரெடிட் என்ற பிரிட்டன் அரச உதவித்தொகையில் வாடகைக்குத் தரும் பணத்தில் 14 வீதம் வெட்டிவிட்டார்கள். சின்ன வீட்டுக்குப் போகத்தான் வேண்டுமா?
– வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: அவசரப்பட வேண்டாம். தேவைக்கு மேல் படுக்கையறை இருப்பதற்காக வாடகை உதவியில் விழும், பெட்ரூம் டாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் இந்த வெட்டு 2013 ஏப்ரலில் வந்தது. கவுன்சில் வீடுகளிலும் ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கமின்றி வீடு வாடகைக்குத் தரும் அமைப்பு) வீடுகளிலும் இருக்கும், பென்ஷன் வயதை எட்டாதவர்களுக்கு உரியது. ஓர் அறை கூடுதலென்றால் 14 வீதம், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 வீதம். கணக்குப் போடுவது முழு வாடகையின் மேல், உங்கள் கைக்கு வரும் உதவித்தொகையின் மேல் அல்ல. மாத வாடகை 600 பவுண் என்றால் 84 பவுண் போகும். வேலை செய்துகொண்டு வாடகையில் பாதிக்கு மட்டும் உதவி பெறுபவருக்கும் அதே 84தான்.

அறைகளை இப்படி எண்ணுகிறார்கள்: தம்பதிக்கு ஒன்று, 16 வயது நிறைந்த மற்ற ஒவ்வொருவருக்கும் ஒன்று, 16க்குக் கீழ் ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஒன்று, 10 வயதுக்குக் கீழ் என்றால் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் இருவருக்கு ஒன்று. இன்றைக்கு உங்களுக்கு இரண்டு அறைதான். மூத்த மகளுக்கு 16 நிறைந்ததும் மூன்றாகிவிடும், வெட்டும் நிற்க வேண்டும். பிறந்தநாளன்றே உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உள்ள ஜேர்னல் பகுதியில் எழுதுங்கள். அடுத்த ஸ்டேட்மெண்டில் வெட்டு நின்றதா என்று வரி வரியாகப் பாருங்கள். இந்தச் சில மாதங்களுக்காக வீட்டைக் கைவிட்டால், பிறகு இரண்டறை வீட்டுக்குள் நெருங்கிக்கொண்டு, லண்டனில் மூன்றறை வீட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க நேரும். அதுவரை விழும் பற்றாக்குறைக்குக் கவுன்சிலிடம் கூடுதல் வாடகை உதவி கேளுங்கள்.

கேள்வி: அந்தக் கூடுதல் உதவியைக் கேட்டேன். "உங்கள் வருமானம் போதும்" என்று மறுத்துவிட்டார்கள். உண்மையில் மாத முடிவில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.
– வாசகர், ஹரோ

பதில்: இது பல காலமாக டிஸ்கிரீஷனரி ஹவுசிங் பேமெண்ட் என்ற பெயரில் இருந்தது. இங்கிலாந்தில் 2026 ஏப்ரல் முதல் கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற நெருக்கடி உதவி நிதிக்குள் வந்துவிட்டது. பெயர் எதுவானாலும் கேட்க வேண்டிய இடம் கவுன்சில்தான். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம் என்பதால், வரவுசெலவுப் படிவத்தை நிரப்பும் விதத்தில்தான் முடிவு தங்கியிருக்கிறது.

நம்மவர் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகின்றன. ஒன்று சீட்டு, மற்றது ஊருக்கு அனுப்பும் பணம். வங்கிக் கணக்கில் மாதாமாதம் 200 பவுண் ஒரு தனிநபருக்குப் போனால், அதிகாரி அதைச் சேமிப்பு என்றே எடுத்துக்கொள்வார். நீங்கள் ஏற்கெனவே எடுத்த சீட்டென்றால் அது கடன். எப்போது எடுத்தீர்கள், எதற்குச் செலவழித்தீர்கள், எந்த மாதம் முடிகிறது என்று எழுதிக் கொடுங்கள். ஊரில் தாய் தகப்பனின் மருந்துக்கு அனுப்பினால் ரசீதோடு சொல்லுங்கள். மறைக்கவே கூடாது, ஸ்டேட்மெண்டில் எல்லாம் தெரியும். நோய்க்காகக் கூடும் ஹீட்டிங் செலவு, ஆஸ்பத்திரிப் பயணம், தனிச் சாப்பாடு ஆகியவற்றையும் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள்.

மறுப்பை எதிர்த்து ட்ரிப்யூனலுக்கு (மேல்முறையீட்டு மன்றத்துக்கு) போக முடியாது. ஆனால் அதே கவுன்சிலிடம் மறுபரிசீலனை கேட்கலாம், திருத்திய படிவத்தோடு கேளுங்கள். கிடைத்தாலும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அது முடிய ஒரு மாதம் இருக்கும்போதே திரும்ப விண்ணப்பியுங்கள்.

கேள்வி: கணவருக்குப் பாரிசவாதம். இரண்டறை வீட்டில் தனித்தனி அறையில்தான் படுக்கிறோம். ஓர் அறை கூடுதல் என்கிறார்கள்.
– வாசகி, டூட்டிங்

பதில்: இதை விட்டுக்கொடுக்காதீர்கள். உடல்நிலை காரணமாக ஒரே அறையில் படுக்க முடியாத தம்பதிக்கு இரண்டாவது அறை உண்டு. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, 2017 ஏப்ரலில் விதியையே மாற்றினார்கள். கணவருக்குப் பிப் (PIP) என்ற மாற்றுத்திறனாளர் கொடுப்பனவின் டெய்லி லிவிங் (அன்றாட வாழ்க்கை உதவி) பகுதி கிடைக்க வேண்டும். அது இன்னும் இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

நோயின் பெயர் மட்டும் உள்ள டாக்டர் கடிதம் போதாது, பல விண்ணப்பங்கள் இங்கேதான் விழுகின்றன. ஏன் சேர்ந்து படுக்க முடியாது என்பதுதான் கேள்வி. இரவில் எத்தனை முறை எழுப்ப வேண்டியிருக்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, அது போக இன்னொரு கட்டிலுக்கு இடம் உண்டா என்று அறையின் நீள அகலத்தோடு எழுதுங்கள். முடிவுக் கடிதம் வந்து ஒரு மாதத்துக்குள் மேன்டேட்டரி ரீகன்சிடரேஷன், அதாவது முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்க வேண்டும். அதிலும் மறுத்தால் ட்ரிப்யூனலுக்குப் போகலாம்.

கேள்வி: காலியாக இருக்கும் அறையை வாடகைக்கு விட்டால்?
– வாசகர், குரோய்டன்

பதில்: நீங்கள் எந்த உதவி பெறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. யூனிவர்சல் கிரெடிட்டில் அந்த வாடகையை வருமானமாக எடுப்பதில்லை, ஆனால் பெட்ரூம் டாக்ஸ் தொடரும். பழைய வாடகை உதவியான ஹவுசிங் பெனிபிட்டில் அறை நிரம்பியதாகக் கணக்கிட்டு வெட்டை நிறுத்துவார்கள், ஆனால் கிழமைக்கு முதல் 20 பவுணுக்கு மேல் வருவது வருமானமாகும். ஆளைச் சேர்க்குமுன் வீட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஹவுசிங் அசோசியேஷன் வீடென்றால் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். ஆள் வந்ததும் பெனிபிட் அலுவலகத்துக்கும் கவுன்சில் டாக்ஸ் பகுதிக்கும் அறிவியுங்கள். தனியாள் என்று 25 வீதத் தள்ளுபடி பெற்றுவந்தால், பெரும்பாலும் அது போய்விடும்.