கீரை மட்டும் போதுமா?

கேள்வி: நான்கு ஆண்டுகளாகப் பால், தயிர் உட்பட விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதையும் நான் உண்பதில்லை. அண்மையில் சோர்வும் பாதங்களில் மரமரப்பும் உள்ளன. கீரையைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: கீரையால் மட்டும் சரியாகாது. இரத்தத்துக்கும் நரம்புகளுக்கும் தேவையான வைட்டமின் பி12-இன் கல்லீரல் சேமிப்பு சில ஆண்டுகளில் குறைந்துவிடும் என்பதாலும், தாவர உணவில் அது அநேகமாக இல்லை என்பதாலும், தாமதிக்காமல் மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஃபோலிக் அமிலம் என்ற மற்றொரு பி வைட்டமின் மாத்திரையை மட்டும் உட்கொண்டால், இரத்தசோகை மறைந்து நரம்புப் பாதிப்பு உள்ளே வளரக்கூடும். மாத்திரையிலுள்ள பி12 நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரிக்கப்படுவதால், நீங்கள் கொள்கையைக் கைவிட வேண்டியதில்லை. அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். கால்சியத்துக்கு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் அதைக் கொண்ட கேழ்வரகு உதவும். பருப்பு, கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். உணவோடு தேநீர் வேண்டாம்.