கொடை வேட்டு மருந்து வேற, ரைபிள் மருந்து வேற

தம்பி, அம்பாசமுத்திரத்துல இருந்து கனடாவுல ஆல்பர்ட்டா வந்த கையோட மான் வேட்டைக்கு .308 ரைபிள் வாங்கிட்ட. தோட்டாவை வீட்லயே நிரப்பினா காசு மிச்சமா, அதுக்கு எந்த பிரஸ், அதான் தோட்டாவை அழுத்திப் பூட்டுற கருவி, நல்லதுன்னு கேக்குற. லேபிள் கிழிஞ்ச டப்பாவுல பாதி வெடிமருந்து மலிவாக் கிடைச்சுது, ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அதிர்வேட்டு இடிக்கிறதைப் பாத்து வளந்தவன், மருந்து எனக்குப் பழக்கம்தான்னும் எழுதியிருக்க. புதுசா வந்தப்ப எனக்கும் அந்தத் தைரியம் இருந்துச்சு.

பிரஸ் எதுனாலும் சரி. அந்த டப்பா மருந்தை மட்டும் போடாத. தீயணைப்பு நிலையத்துல கேட்டு ஒப்படைச்சிரு. மருந்து வேகமா எரியுமா மெதுவா எரியுமான்னு நிறத்தை வச்சோ மணத்தை வச்சோ சொல்ல முடியாது. வேகமா எரியிற பிஸ்டல் மருந்து ரைபிள் தோட்டாவோட பித்தளைக் கூட்டுக்குள்ள போனா துப்பாக்கியே வெடிச்சிரும். மேசை மேல எப்பவும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும்.

கொடையில கருமருந்தைக் கைக்கணக்கா இடிச்சுப் போடுவாங்க. இது புகையில்லா மருந்து. துப்பாக்கியில தோட்டா உக்கார்ற பூட்டின அறைக்குள்ள அழுத்தம் ஏற ஏற எரியிற வேகமும் ஏறும். .308-க்கு உச்ச வரம்பே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதனால மருந்தை நிறுக்கிறது கிரெய்ன்ங்கிற சின்ன எடைக் கணக்குல. 1 கிராமுக்கு 15.43 கிரெய்ன். ரெண்டையும் குழப்பவே கூடாது. பாளையங்கோட்டை நகைக்கடைத் தராசு மாதிரி நினைச்சுக்கோ. உக்காரும்போதெல்லாம் படிக்கல் வச்சு சரிபார்த்துட்டுத்தான் நிறுக்கணும்.

நம்மாளுங்க சிலர் வாட்ஸ்அப்ல ஒருத்தர் அனுப்புன உச்ச மருந்து அளவை அப்படியே போடுறாங்க. அது அவர் துப்பாக்கிக்குச் சரியா இருந்திருக்கும், உன்னுதுக்கு இருக்காது. மருந்து கம்பெனி கையேட்டுல இருக்கிற ஆரம்ப அளவுல தொடங்கு. உச்சம் மட்டும் போட்டிருந்தா பத்துல ஒரு பங்கு குறை. ஆரம்ப அளவுக்கும் கீழே போகாத, மெதுவா எரியிற மருந்து குறைஞ்சாலும் ஆபத்து. 0.3 கிரெய்ன், மிஞ்சினா 0.5 கிரெய்னா ஏத்து. சுட்டதும் துப்பாக்கி அறையைத் திறக்கிற போல்ட் தூக்கக் கனமா வந்தாலோ, கூட்டோட அடியில தீ வைக்கிற பிரைமர் தட்டையானாலோ, கூட்டோட அடியில பளபளன்னு தழும்பு விழுந்தாலோ அங்கயே நிறுத்தி, அளவைக் குறை. புல்லட் (முனையில இருந்து பறக்கிற குண்டு), பிரைமர், கூடு எதை மாத்தினாலும் திரும்ப ஆரம்ப அளவுதான். ராணுவக் கூடு தடிமன், உள்ள இடம் கம்மி, அதுக்கும் குறைக்கணும். குளிர்ல சோதிச்ச உச்ச அளவு கோடையில வரம்பு தாண்டலாம்.

சுடச் சுடக் கூடு நீளும். 2.015 அங்குலம் தாண்டினா 2.005-க்கு வெட்டு. அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேல வளையமா மின்னுதுன்னா, நுனி வளைச்ச கம்பியை உள்ள விட்டுத் தடவிப் பாரு. பள்ளம் தட்டினா அந்தக் கூட்டைத் தூக்கிப் போடு. மருந்து போட்டதும், புல்லட் வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பாரு. ரெட்டை அளவு விழுந்தா அங்க தெரிஞ்சிரும். சுடும்போது சத்தம் மொட்டையா வந்தா அடுத்ததைச் சுடாத. குழல்ல புல்லட் நின்னிருக்கலாம்.

ஆடிக் கொடைக்கு ஊருக்குப் போறப்ப வேட்டைக் கோட்டுப் பைகளை உதறிட்டுப் போ. ஒரு காலிக்கூடு கிடந்தாலும் ஸ்கேனர்ல தெரிஞ்சிரும், திருவனந்தபுரத்துல இறங்கி நேரா கோயிலுக்குப் போக முடியாது. சாமியாடி கையில திருநீறு வாங்குற அந்த ராத்திரியைத் தவறவிட்டா அடுத்த வருஷம்தான், தம்பி.