தம்பியின் மரணத்தை வைத்து வீடியோ போடுகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: என் தம்பி சீரியல் நடிகர். போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டு வாசலில் கேமராக்கள். சுடுகாட்டுக்குள்ளும் வந்துவிட்டார்கள். அம்மா மயங்கி விழுந்ததை மெதுவாக ஓடவிட்டு, சோக இசை சேர்த்துத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு யூடியூப் சேனல் தம்பி மனைவியின் முகத்தைச் சிவப்பு வட்டத்துக்குள் வைத்து, ‘மனைவி மறைக்கும் மர்மம் என்ன?’ என்கிறது. இன்னொரு டிவி சேனல் அவன் குடிக்கு அடிமை என்கிறது. அவன் குடித்ததே இல்லை. இதைத் தட்டிக்கேட்க சட்டம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, சகோதரி. ஆனால் யார் பெயரில், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் வழக்கு நிற்கும்.

‘என் தம்பியின் அந்தரங்க உரிமை பறிபோனது’ என்று போனால் சிரமம். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு வராது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தைக்கும் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட இதே பதில்தான் கிடைத்தது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 2018-ல் ஸ்ரீதேவி இறந்தபோது ஒரு செய்தியாளர் குளியல் தொட்டிக்குள் இறங்கிப் படுத்து ‘விளக்கம்’ கொடுத்ததைப் பார்த்த நாடு இது. சட்டம் மாற வேண்டும். ஆனால் அதுவரை உங்கள் குடும்பம் காத்திருக்க முடியாது.

அதனால் உயிரோடு இருப்பவர்கள் பெயரில் போங்கள். உங்கள் அம்மா நடிகை அல்ல. தன் துக்கத்தைப் படம்பிடிக்கச் சொல்லி அவர் யாரையும் அழைக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது அவருக்கும்தான். அந்தக் காட்சிகளை நீக்கக் கோரி அவர் பெயரிலேயே சிவில் வழக்குப் போட்டு, கூடவே இடைக்காலத் தடை கேளுங்கள்.

தம்பி மனைவியின் வழக்கு இதைவிட வலுவானது. கேள்விக்குறி போட்டுவிட்டால் அவதூறு ஆகாது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் மறைமுகமாகக் குற்றம் சாட்டுவதும் அவதூறுதான். மருத்துவர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்த சான்றிதழை இணைத்தாலே அந்த ‘மர்மம்’ கலைந்துவிடும்.

குடிப்பழக்கக் கதைக்கும் அதே பிரிவில் இடம் உண்டு. இறந்தவரைப் பற்றிச் சொன்னது, அவர் உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் என்றால், குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கமும் இருந்தால், அது குற்றம். இந்த நோக்கத்தை நிரூபிப்பதுதான் கஷ்டம். ‘அவன் குடித்ததே இல்லை, நீக்குங்கள்’ என்று எழுத்தில் கேட்ட பிறகும் அவர்கள் தொடர்ந்தால், அந்தக் கடிதமே உங்களுக்குச் சாட்சி. இதற்குப் போலீஸில் எஃப்ஐஆர் போட மாட்டார்கள். குற்றவியல் நடுவரிடம் நேரடியாகத் தனிப் புகார் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் அவகாசம் உண்டு. தம்பி மனைவி தன்னைப் பற்றிய அவதூறுக்கு நஷ்டஈடு கேட்பதானால் வெளியான நாளிலிருந்து ஒரே வருடம்தான், தள்ளிப்போடாதீர்கள்.

சுடுகாட்டில் நடந்ததற்கு அதே சட்டத்தில் 301-வது பிரிவு இருக்கிறது. மனம் புண்படும் என்று தெரிந்தே இறுதிச் சடங்குக்கு இடையூறு செய்தால் ஓராண்டு வரை சிறை. இதற்குப் போலீஸிலேயே புகார் கொடுக்கலாம். சும்மா நின்று படம் எடுத்ததற்கு இது பொருந்தாது. சடங்கைத் தடுத்தார்கள், தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்றால் யார், எப்போது என்று எழுதுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே ஆதாரத்தைச் சேருங்கள். நோட்டீஸ் போனதும் வீடியோவை அழித்துவிடுவார்கள், தலைப்பை மாற்றிவிடுவார்கள். லிங்க், தேதி, சேனல் பெயர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வீடியோவையும் இறக்கி வையுங்கள். இறக்கிய போன் அல்லது கணினியை மாற்றாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-வது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தர அது வேண்டும். உங்கள் அம்மாவை இதைப் பார்க்க வைக்காதீர்கள், இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

அப்புறம், டிவி சேனலுக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 15 நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். சுஷாந்த் மரணச் செய்திகளுக்காக 2020-ல் பெரிய சேனல்களையே மன்னிப்புக் கேட்கச் சொல்லி உத்தரவிட்டது அப்படி ஓர் அமைப்புதான். யூடியூபுக்கு வழி வேறு. அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ‘உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்’ என்று அதே சேனல்கள் கூப்பிடும். போகாதீர்கள். அழுகையில் வாய்தவறி வரும் ஒரு வார்த்தை அவர்களுக்கு அடுத்த பத்து வீடியோ, அவர்களுடைய வக்கீலுக்குக் குறுக்கு விசாரணைக் கேள்வி. பேச வேண்டியதை வக்கீல் நோட்டீஸில் பேசுங்கள். முதல் நோட்டீஸ் தம்பி மனைவியின் பெயரில் போகட்டும்.